நீலகிரியில பிறப்புப் பதிவு: எந்த ஆபீஸ், என்ன பேப்பர், எவ்வளவு காசு

எங்க அண்ணன் பொண்ணு பிறந்தது கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுல. பிறப்பை யாரும் பதியல. அவ ஹைஸ்கூல் முடிக்கிற நேரத்துலதான் பர்த் சர்டிபிகேட் இல்லங்கறதே பிரச்சனையா வந்துச்சு, அலைஞ்சது நானும் அண்ணியும். இப்ப எங்க லைன்ல யாருக்கு குழந்தை பிறந்தாலும் என்கிட்டதான் வந்து கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். மலையில புதுசா குடும்பம் வச்சவங்க, வேலைக்காக மேல வந்தவங்க, எஸ்டேட்லயும் ஹட்டியிலயும் (படுகர் ஊரு) இருக்கறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். 2023 அக்டோபர் 1லேர்ந்து பிறந்த குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன், டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் லிஸ்ட், கல்யாணப் பதிவு, கவர்மென்ட் வேலை, பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பர்த் சர்டிபிகேட்தான் ஆதாரம்னு சட்டத்தையே திருத்திட்டாங்க. முன்ன மாதிரி டி.சி.யைக் காட்டி ஒப்பேத்திடலாம்னு நினைக்காதீங்க.

1. எங்க பிறந்துச்சு? இத முதல்ல முடிவு பண்ணுங்க

நூத்துக்கு பாதி பேர் தப்பான ஆபீஸ்ல போய் நிக்கிறது இங்கதான். பிறப்பு எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவு. நீங்க எங்க குடியிருக்கீங்க, ரேஷன் கார்டு எந்த ஊரு, ஆதார் எந்த அட்ரஸ், எதுவும் கணக்குல வராது.

வீடு குன்னூர்ல இருக்கு, பிரசவம் கோயமுத்தூர் ஜி.ஹெச்.ல ஆச்சுன்னா பதிவு கோயமுத்தூர் மாநகராட்சியில. குன்னூர் நகராட்சியில போய் எவ்வளவு நேரம் நின்னாலும் கிடைக்காது. கூடலூர், பந்தலூர்க்காரங்க நிறைய பேர் சுல்தான் பத்தேரி பக்கம் போய் பிரசவம் பாக்கறாங்க, அப்ப பதிவு கேரளாவுல, அந்த ஊர் உள்ளாட்சி ஆபீஸ்ல. அந்த சர்டிபிகேட் இந்தியா முழுக்க செல்லும், இங்க வந்து திரும்ப ஒண்ணு பதியணும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. ஒரு குழந்தைக்கு ரெண்டு பதிவு இருந்தா பின்னாடி பெரிய வில்லங்கம் அது. வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள்ள பிறந்ததுன்னா கன்டோன்மென்ட் போர்டு ஆபீஸ் தனி.

வீட்டுல பிறந்துச்சுன்னா அந்த வீடு எந்த எல்லையில இருக்குன்னு பாக்கணும். கிராம ஊராட்சின்னா வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), பேரூராட்சின்னா பேரூராட்சி ஆபீஸ், நகராட்சின்னா நகராட்சி சுகாதாரப் பிரிவு. நம்ம மலையில இது லேசுல பிடிபடாது, ஏன்னா ஒரே எஸ்டேட்டுல மேல் டிவிஷன் ஒரு பக்கமும் கீழ் டிவிஷன் இன்னொரு பக்கமும் விழும், நடுவுல ஒரு ஓடைதான் எல்லையா இருக்கும். வீட்டு வரி ரசீதோ கரண்ட் பில்லோ எடுத்துப் பாருங்க, லைன் வீடுன்னா எஸ்டேட் ஆபீஸ் கணக்கப்பிள்ளைகிட்ட கேளுங்க.

108 வண்டியில வர்ற வழியிலயே பிறந்துடுச்சா? நம்ம ரோட்டுல அது அதிசயம் இல்ல. ஓடுற வண்டியில பிறந்தா வண்டி முதல்ல எங்க நிக்குதோ அந்த இடம்தான் கணக்கு, தகவல் குடுக்க வேண்டியது வண்டிப் பொறுப்புல இருக்கறவங்க. ஆஸ்பத்திரியில குழந்தையைச் சேர்க்கறப்பவே "இதை யார் பதியறீங்க?"ன்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க, இல்லன்னா ஆளுக்கு ஆள் மத்தவங்க பாத்துப்பாங்கன்னு விட்டுடுவாங்க.

2. எத்தன நாள் ஆச்சு? அதை வச்சுத்தான் காசும் அலைச்சலும்

21 நாளுக்குள்ள சொன்னா பைசா கிடையாது, முதல் சர்டிபிகேட்டும் ஃப்ரீ.

21 நாள் தாண்டி 30 நாளுக்குள்ளன்னா தாமதக் கட்டணம் 100 ரூபா, அதே ஆபீஸ்லயே முடிஞ்சுடும்.

30 நாள் தாண்டி 1 வருஷத்துக்குள்ளன்னா 200 ரூபா, கூடவே மேலதிகாரியோட எழுத்து அனுமதி வேணும். இதுக்கு முன்ன நோட்டரி அஃபிடவிட் கேப்பாங்க, 2023 திருத்தத்துல அதை எடுத்துட்டு நாமளே கையெழுத்துப் போட்டு குடுக்கற பேப்பர் போதும்னு ஆக்கிட்டாங்க. ஆனா கவுன்ட்டர்ல இன்னும் பழைய பழக்கம் போகல, அஃபிடவிட் கேட்டா "புது சட்டத்துல வேண்டாம்னு இருக்கே சார்"னு மெதுவா சொல்லிப் பாருங்க.

1 வருஷம் தாண்டிடுச்சுன்னா 500 ரூபா, ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) உத்தரவு வேணும். 500 ரூபாயப் பாத்து இவ்வளவுதானான்னு நினைக்காதீங்க, அங்க செலவு ஆகறது பஸ்ஸுக்கும் லீவு போட்ட நாள் கூலிக்கும்தான். அதுக்கு தனியா கீழ எழுதியிருக்கேன்.

எக்ஸ்ட்ரா காப்பி ஒண்ணுக்கு 200 ரூபா. கட்டற ஒவ்வொரு காசுக்கும் ரசீது வாங்குங்க, ரசீது இல்லாத காசு அரசாங்கத்துக்குப் போகாது.

3. 21 நாளுக்குள்ள பண்றவங்களுக்கு

ஆஸ்பத்திரிப் பிரசவம்னா தகவல் குடுக்கற பொறுப்பு ஆஸ்பத்திரியோடது. ஆனா அவங்க நீங்க சொல்றதத்தான் எழுதுவாங்க. அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பிறப்பு அறிக்கை ஃபாரத்தைக் கையில வாங்கி எழுத்து எழுத்தா படிங்க. பிரசவம் ஆன அசதியில அம்மாவும், கேன்டீனுக்கும் வார்டுக்கும் ஓடிட்டு அப்பாவும் இருக்கற நேரம்தான் அந்த ஃபாரம் வரும், மாமியாரோ சித்தியோ வாயில வந்த பேரைச் சொல்லிடுவாங்க. எங்க பக்கத்துல ஒரு பாப்பாவோட அப்பா பேர் எடத்துல வீட்டுல கூப்பிடற பேரே ஏறிடுச்சு, இன்னமும் மாத்திட்டு இருக்காங்க.

வீட்டுப் பிரசவம்னா குடும்பத் தலைவரோ கிட்ட உறவோ போய் சொல்லணும். எஸ்டேட்ல பிறந்தா இன்னொரு வழியும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. 1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 9வது பிரிவுல தோட்டத்துக்குன்னே தனியா போட்டிருக்காங்க: எஸ்டேட்டைப் பொறுப்பா நடத்தறவர்தான் பதிவாளருக்குத் தகவல் குடுக்கணும். டீ, காப்பி, மிளகு, ஏலக்காய்னு போட்டிருக்கற 4 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டம் எல்லாம் இதுல வரும். எஸ்டேட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, அதோட காப்பியில சீல் வாங்கி வச்சுக்கங்க. மேனேஜர் பாத்துப்பாருன்னு மட்டும் விட்டுடாதீங்க, 18வது நாள் வி.ஏ.ஓ.க்கு ஒரு போன் போட்டு "வந்துச்சா சார்?"னு கேட்டுடுங்க.

கொண்டு போக வேண்டியது:

- ஆர்.சி.ஹெச். நம்பர். 12 இலக்கம், கர்ப்பம் பதியறப்பவே நர்ஸம்மா குடுக்கறது. தமிழ்நாட்டுல இது இல்லாம பிறப்புப் பதிவு நகராது. தாய் சேய் அட்டையில பேனாவால எழுதியிருப்பாங்க, அது மழையில நனைஞ்சு அழிஞ்சு போகும், போட்டோ எடுத்து வச்சுக்கங்க.
- அப்பா அம்மா ஆதார், ஜெராக்ஸ் ரெண்டு ரெண்டு.
- டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டுப் பிரசவம்னா நர்ஸம்மா எழுதின தடுப்பூசி அட்டை.
- ரேஷன் கார்டு இருந்தா நல்லது, அட்ரஸ்ல சந்தேகம் வந்தா உதவும்.

ஆர்.சி.ஹெச். நம்பர் எடுக்காம விட்டவங்க துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைப் பாருங்க, 102க்கும் போன் பண்ணலாம். கர்நாடகா பார்டர் பக்கம், கேரளா பார்டர் பக்கம் போய் பிரசவம் பாக்கப் போறவங்களும் இங்க நம்பர் போட்டுட்டுப் போங்க, திரும்பி வந்து தடுப்பூசி போட அது வேணும்.

2018லேர்ந்து பதிவானதெல்லாம் ஆன்லைன்ல ஏத்தியிருக்காங்க, க்யூ.ஆர். கோடோட வர்ற சர்டிபிகேட் அது. அதுல கையெழுத்து இல்ல, சீல் இல்லன்னு யாராச்சும் திருப்பி அனுப்பினா, அந்த கோடை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.

4. பேரு

குழந்தைக்கு பேர் வைக்காமலே பதியலாம், பதியவும் செய்யணும். பேர் வைக்கிற சடங்கு தள்ளிப் போகுது, தாத்தா ஊர்லேர்ந்து வரணும், நட்சத்திரம் பாக்கணும்னு 21 நாளைத் தாண்ட விடாதீங்க. பேர் இல்லாம பதிஞ்சுட்டு 12 மாசத்துக்குள்ள பேர் சேத்தா காசு இல்ல. அதுக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் 200 ரூபா கட்டி சேக்கலாம்.

ஆனா ஒரு தடவை பேர் ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான். எழுத்துப் பிழைன்னா ஆதாரம் காட்டித் திருத்தலாம், "இந்தப் பேரு பிடிக்கல, நியூமராலஜி சரியில்ல"ன்னு மாத்த முடியாது. அதனால தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஸ்பெல்லிங்கை ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதிக் கொண்டு போய் நீட்டுங்க, வாயால சொல்லாதீங்க. அப்பா அம்மா பேரை ஆதார்ல இருக்கற மாதிரியே போடுங்க, இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கறது வரைக்கும். ஆதார்லயே தப்பு இருந்தா முதல்ல ஆதாரைத் திருத்திட்டு வாங்க, நாள் இருந்தா மட்டும். 21 நாள் முடியப் போகுதுன்னா பதிவுதான் முக்கியம்.

5. ஒரு வருஷம் தாண்டிட்டவங்களுக்கு

இதுதான் மலை ஏற்றம். பொறுமையா படிங்க.

முதல்ல, நிஜமாவே பதிவு இல்லையான்னு பாருங்க. நிறைய கேஸ்ல பதிவு இருக்கும், பேர் இருக்காது. "பெண் குழந்தை"ன்னு போட்டு அம்மா பேர், தேதியோட நிக்கும். குழந்தை பேரைச் சொல்லித் தேடினா கிடைக்கவே கிடைக்காது, ஆபீஸ்லயும் அப்படியே இல்லன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அம்மா பேர், அப்பா பேர், தேதி வச்சுத் தேடச் சொல்லுங்க, தேதியில சந்தேகம்னா முன் வருஷம் பின் வருஷமும். ஒரு வருஷத்து புத்தகத்தைத் தேட 100 ரூபா. கிராமத்து புத்தகம் எல்லா வருஷத்துதும் வி.ஏ.ஓ. மேசையில இருக்காது, அந்த வருஷத்து புத்தகம் இப்ப எந்த ஆபீஸ்ல இருக்குன்னு முதல்ல கேட்டுட்டு அங்க போங்க. அங்க இருந்துடுச்சுன்னா நீங்க தப்பிச்சீங்க, பேர் சேர்த்தா முடிஞ்சுது.

இல்லவே இல்லன்னு ஆனா, "பதிவு இல்லை"ன்னு எழுத்துல சான்று வாங்குங்க. வாய்ச் சொல் ஆகாது. அந்தச் சான்றுல குழந்தை பேர், அப்பா அம்மா பேர், தேதி, பிறந்த இடம் நாலும் சரியா இருக்கணும், ஏன்னா ஆர்.டி.ஓ. உத்தரவு இதைப் பாத்துத்தான் எழுதுவாங்க, இங்க விழுந்த தப்பு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். லைசென்ஸ் எடுக்கற ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ். ஆட்டோக்காரர்கிட்ட கோட்டாட்சியர்னு தெளிவா சொல்லுங்க. நம்ம மாவட்டத்துல மூணு கோட்டம்: ஊட்டி, குந்தா தாலுகாவுக்கு ஊட்டியில, குன்னூர், கோத்தகிரி தாலுகாவுக்கு குன்னூர்ல, கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு கூடலூர்ல. பெரியவங்க சில பேர் "இதுக்கு கோர்ட்டுக்குப் போகணும், வக்கீல் வேணும்"பாங்க. அது ஒரு காலம். முன்ன மாஜிஸ்ட்ரேட் கோர்ட் உத்தரவு வேணும், இப்ப வேண்டாம். வக்கீல் ஃபீஸ்னு ஆயிரக்கணக்குல கேக்கற ஆளுங்ககிட்டேர்ந்து ஒதுங்கிடுங்க.

மனுவோட வைக்க வேண்டியது: பதிவு இல்லைன்ற சான்று ஒரிஜினல், அப்பா அம்மா ஆதார், ரேஷன் கார்டு, குழந்தையோட ஸ்கூல் ரெக்கார்டு, தடுப்பூசி அட்டை, பிரசவம் பாத்த ஆஸ்பத்திரி பேப்பர் எது இருந்தாலும் அது. அஃபிடவிட் கேட்டா பத்திரத்தாளே இப்ப 200 ரூபா, முன்ன 20 ரூபாதான் இருந்துச்சு, நோட்டரிக்கு தனி. கேட்டா மட்டும் போடுங்க, முன்னாடியே போட்டு வைக்காதீங்க, வாசகம் அவங்க சொல்ற மாதிரி இல்லன்னா திரும்ப 200.

இங்க இருக்கற பெரிய பள்ளம் தேதி. ஸ்கூல்ல சேக்கறப்ப வயசு பத்தலன்னு அந்தக் கால வாத்தியார்கள் மே மாசம், ஜூன் மாசம்னு ஒரு தேதியைப் போட்டு விட்டுடுவாங்க. தடுப்பூசி அட்டையில ஆகஸ்ட் இருக்கும், டி.சி.ல மே இருக்கும், ஆதார் டி.சி.யைப் பாத்து எடுத்தது. ரெண்டு தேதியோட மனு போனா அங்கயே நிக்கும். எது நிஜமோ அதுக்கு எது பழைய பேப்பரோ அதைத் தேடிப் பிடிங்க. எங்களுக்கு கை குடுத்தது துணை சுகாதார நிலையத்துல கெடந்த ஒரு நீள நோட்டு. கோடு போட்டு, பத்திக்கு பத்தி நீலப் பேனாவால, ஒவ்வொரு வீடா கர்ப்பம், பிரசவம், ஊசின்னு அப்ப இருந்த நர்ஸம்மா எழுதி வச்சிருந்தாங்க, எங்க அண்ணி பேருக்கு நேரா "வீட்டுப் பிரசவம், பெண், 2.600"ன்னு எடையோட தேதியும் இருந்துச்சு. அந்தப் பக்கத்தோட நகல்ல மருத்துவ அலுவலர் கையெழுத்து வாங்கிக் குடுத்தோம், அதுக்கு மேல யாரும் தேதியைப் பத்திக் கேள்வி கேக்கல. உங்க ஊர் நோட்டும் எங்கயோ அலமாரியில இருக்கும், எலி கடிக்கறதுக்கு முன்ன போய்க் கேளுங்க.

மனு குடுத்ததும் அது ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து தாசில்தாருக்கு, தாசில்தார்கிட்டேர்ந்து ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளர்), அங்கேர்ந்து உங்க வி.ஏ.ஓ.க்கு வரும். வி.ஏ.ஓ. விசாரிச்சு ரிப்போர்ட் எழுதினதும் அதே படிக்கட்டுல திரும்ப மேல போகும். அக்கம் பக்கத்துல ரெண்டு வயசானவங்களை முன்னாடியே சொல்லி வைங்க, "ஆமா சார், இந்த லைன்லதான் பிறந்தா, அந்த வருஷம் பெரிய மழை"ன்னு சொல்ற ஆளுங்க. ஃபைல் எந்த மேசையில நிக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்க வேலை. மனு குடுத்தப்பவே நம்பர் வாங்குங்க, ஒவ்வொரு தடவையும் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க, "எங்க பேப்பர் என்னாச்சு சார்"னா பதில் வராது. எங்க ஃபைல் ஒரு ஆபீஸ்ல தபால் பண்டில் நடுவுலயே படுத்துக் கிடந்துச்சு, நம்பர் இருந்ததாலதான் தேடி எடுத்தாங்க. மொத்தத்துல சில மாசம் ஆகும்னு மனசுல வச்சுக்கங்க. அடுத்த மாசம் அட்மிஷன்னு இந்த மாசம் ஆரம்பிக்காதீங்க.

உத்தரவு வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு ஊருக்குப் போயிடாதீங்க. உத்தரவு வேற, பதிவு வேற. அந்த உத்தரவை எடுத்துட்டுப் போய், பிறந்த இடத்து பதிவாளர்கிட்ட 500 ரூபா கட்டி, புத்தகத்துல ஏத்தி, சர்டிபிகேட் கையில வாங்கினாத்தான் முடிவு. உத்தரவை லேமினேட் பண்ணி பீரோவுல வச்சுட்டு அதையே பர்த் சர்டிபிகேட்னு நினைச்சுட்டு இருக்கற வீடு எனக்கே ரெண்டு தெரியும்.

6. சிலோன்லேர்ந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

தாத்தா பாட்டி நுவரெலியாவுல பிறந்தது, ராமேஸ்வரம் வழியா வந்தது, இதுக்கும் இங்க பிறந்த குழந்தை பதிவுக்கும் சம்பந்தமே இல்ல. பதிவு ஒரு பிறப்பு நடந்ததுக்கு, அது இந்த மண்ணுல நடந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கேட்டா காட்டுங்க, இல்லன்னா பதிய முடியாதுன்னு சொன்னா அதை எழுத்துல குடுங்க சார்னு கேளுங்க. எழுத்துல கேட்டாலே பாதி மறுப்பு காணாமப் போயிடும். பழங்குடி கிராமத்துல ஒத்தைப் பேர் மட்டும் இருக்கறவங்களுக்கும் இதேதான், இனிஷியல் இல்லன்னு பதிவை மறுக்க முடியாது.

7. எப்ப போறது

21 நாள் கணக்கு ஓடிட்டு இருக்கறவங்க மாசம் பாக்காதீங்க, உடனே போங்க. மத்தவங்களுக்கு ஏப்ரல், மே வேண்டாம். சீசன்ல குன்னூர்லேர்ந்து ஊட்டி போறதுக்கே அரை நாள், அதிகாரிங்க பாதி பேர் மலர்க் கண்காட்சி டியூட்டியில இருப்பாங்க. ஜூன், ஜூலையில கூடலூர், குந்தா பக்கம் மழை, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிவு, கரண்ட் போனா சர்வரும் போச்சு. ஜனவரி, பிப்ரவரிதான் தோது, பனி கடிக்கும், பரவாயில்ல. எந்த மாசமானாலும் காலையில முதல் பஸ்ஸைப் பிடிங்க, வி.ஏ.ஓ.வைப் பாக்கப் போறதுக்கு முன்ன கிராம உதவியாளருக்கு போன் பண்ணிடுங்க, வி.ஏ.ஓ. ஒரு ஆளே ரெண்டு கிராமம் பாத்துட்டு இருப்பாரு.

8. சாவுப் பதிவும் இதே கணக்குதான்

21 நாள், 30 நாள், 1 வருஷம், கட்டணம், எல்லாம் அதே. வீட்டுல காலமானாங்கன்னா கடைசியா வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட இறப்புக் காரணச் சான்று கேட்டு வாங்கிடுங்க. காரியம் முடியட்டும்னு விட்டுட்டு, ஒரு வருஷம் கழிச்சு பி.எஃப். பணத்துக்கும் வாரிசு சான்றுக்கும் ஓடற எஸ்டேட் குடும்பம் நிறைய.

9. நகரலன்னா

புரோக்கரைப் பிடிக்காதீங்க, அவனும் அதே வரிசையிலதான் நிக்கப் போறான், உங்க காசுல. திங்கக்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்க மனு குடுத்தா நம்பர் போட்டுக் குடுப்பாங்க, அந்த நம்பரோட பேப்பர் கீழ வந்தா நகரும். ஊட்டி வரைக்கும் போக முடியாதவங்க தாலுகா ஆபீஸ் ஜமாபந்தி (வருஷா வருஷம் கிராமக் கணக்கு பாத்து மனு வாங்கற நாள்) வரைக்கும் காத்திருக்கலாம், இல்லன்னா 1100க்கு போன் பண்ணி முதல்வர் உதவி மையத்துல புகார் பதியலாம். மனுவுல கதை எழுதாதீங்க: எந்த ஆபீஸ், எந்த தேதியில குடுத்த மனு, அதோட நம்பர், என்ன வேணும், நாலு வரி. ரசீது, "பதிவு இல்லை" சான்று ரெண்டோட ஜெராக்ஸையும் பின் பண்ணிக் குடுங்க, ஒரிஜினலைக் கையை விட்டுக் குடுக்காதீங்க.